பக்கத்து இருக்கை

கும்தாரென்,
பிப்ரவரி 23, செவ்வாய்

அன்புள்ள நெஸ்டாவுக்கு,

உன் எம்ரிஸ் எழுதுவது. நீ சுகமாய் இருக்கிறாய் என்று உன் தங்கை பெத்தான் போனில் சொன்னாள். சொன்ன கையோடு வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால், "பேசறதுக்கு ஒண்ணுமில்லையாம். உங்களுக்கு ஏதாவது இருந்தா எழுதச் சொன்னா" என்கிறாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் உனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

க்ரூ ஸ்டேஷனில் வண்டி மாறியதும், டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கினாய். நான் ஜன்னலோரம் உனக்கு இடம் போட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் மேலே என் பை மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்து மேடையில் நீ புதுச் சிவப்புக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாய். கண்ணாடியைத் தட்டினேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய். ஏன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

எடின்பரோவில் நடந்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. ஆனால் அதற்காக நடு வழியில் இறங்கிப் பாங்கருக்கு வண்டி ஏறுகிற அளவுக்கு என்ன ஆகிவிட்டது? அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். உன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளையும் அப்படியே சொல்லச் சொல்.

நாம் ஊரில் இல்லாதபோது நம் ரக்பி கிளப்பின் இரண்டாவது அணி ஆடியது அல்லவா, அந்த ஜெர்சி மூட்டைகளைக் கொண்டுவந்து பின்னால் நம் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். மழையில் ஆடியது. ஒரே சேறு. சனிக்கிழமை முதல் அணிக்கு அதே ஜெர்சிதான் வேண்டும். பவுடர் எங்கே வைத்திருக்கிறாய்? எவ்வளவு போட வேண்டும்? கொட்டகைச் சாவியையும் காணோம். உன் கைப்பையில் இருக்கிறதா பார். இப்போதைக்குக் கதவை நெம்பித் திறந்திருக்கிறேன்.

கிளப்பில் நம் கிளான்மோர் உன்னை ரொம்ப விசாரித்தான். அவனுக்கு முழங்கால் வலி.

எப்போது வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
எம்ரிஸ்


பாங்கர்,
பிப்ரவரி 26, வெள்ளி

எம்ரிஸ்,

உன் கடிதம் வந்தது. அதில் பவுடர் இருக்கிறது, சேறு இருக்கிறது, கிளான்மோரின் முழங்கால் இருக்கிறது. நான் எங்கே என்று தேடிப் பார்த்தேன். கொட்டகைச் சாவியை வைத்திருக்கிறவளாக ஓர் ஓரத்தில் இருக்கிறேன்.

போனை ஏன் எடுக்கவில்லை என்று உனக்கே தெரியும். கொஞ்சம் கஷ்டமான பேச்சு என்றால் ரிசீவரைப் பக்கத்தில் இருப்பவன் கையில் கொடுத்துவிடுவது உன் வழக்கம். என் அம்மா போன செய்தியை என்னிடம் சொன்னதுகூடக் கிளான்மோர்தான். எழுத வைத்தால் பேனாவையாவது நீயே பிடித்தாக வேண்டும்.

என்ன ஆகிவிட்டது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், சாப்பிடுவதற்கு முன்னால் படிக்காதே.

முப்பதாவது கல்யாண நாள், கிளப் இல்லை, கூட்டாளிகள் இல்லை, நாம் இரண்டு பேர் மட்டும் எடின்பரோ போகிறோம், வேல்ஸ் ஆடுகிற ஆட்டம் பார்க்கிறோம், நல்ல ஹோட்டலில் தங்குகிறோம் என்று சொன்னது நீ. நான் கேட்கவில்லை. கிளப்பின் டிக்கெட் குலுக்கலில் பெண்கள் பேரைப் போட மாட்டார்கள். இத்தனை வருஷம் அவர்கள் துணியைத் துவைத்துப் போட்டதற்காகக் கமிட்டி இரக்கப்பட்டு எனக்கு ஒரு டிக்கெட் தந்தது. அதை ரொட்டி டப்பாவில் வைத்து, தினம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேலி செய்தாய். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஜன்னலோர மேஜையில் சூப் வந்தது. ஒரு வாய் குடித்திருப்பேன். கதவைத் தள்ளிக்கொண்டு மொத்தக் கிளப்பும் உள்ளே வருகிறது. பஸ் நிறைய. எந்த ஹோட்டல் என்று மூச்சு விட மாட்டேன் என்ற நீ எழுந்து நின்று மேஜைகளை இழுத்துப் போட்டாய். கிளான்மோர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வேல்ஸ்காரனுக்கு அடையாளம் என்று கொண்டுவந்த பச்சை லீக்ஸ் வெங்காயத்தாளைக் கடித்துக் கடித்து, என் முகத்துக்கு நேராகப் பாடினான். மென்றது என் சூப்பில் விழுந்தது. நீ கைதட்டினாய்.

மறுநாள் காலையில், "டிக்கெட்டக் குடு, நான் பத்திரமா வச்சிக்கிறேன்" என்றாய். கொடுத்தேன். மைதானத்து வாசலில் கிளான்மோர் நிற்கிறான். அவன் டிக்கெட்டை முந்தின ராத்திரி எவனோ ஸ்காட்லாந்துக்காரனிடம் ஒரு விஸ்கி பாட்டிலுக்கும் ஒரு கட்டம் போட்ட பாவாடைக்கும் மாற்றிவிட்டானாம். அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளே என்ன போட்டிருந்தான் என்பதைக் காற்று எல்லோருக்கும் காட்டியது. "நெஸ்டா, உன்ன மாதிரி மனசு யாருக்கும் வராது" என்று என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் வைத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "கடை கண்ணியெல்லாம் பாத்துட்டு வா, உனக்கு ஆட்டம் அவ்ளோவா புரியாதில்ல" என்றாய்.

எனக்குப் புரியாது. மழையோ பனியோ, சனிக்கிழமை தவறாமல் மைதானக் கோட்டோரம் நின்றவள் நான். யார் எந்தப் பக்கம் விழுந்தான் என்று ஜெர்சியைப் பார்த்தே சொல்லுவேன். எனக்கு ஆட்டம் புரியாது.

அந்த மைதானத்து மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உள்ளே கத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என்ன ஆச்சோ என்று நின்றேன். அழுகை வரவில்லை. நாற்றம் மட்டும் வந்தது. அந்த மதில் பூராவும் ஆம்பளைகள் ஒதுங்கிய நாற்றம்.

அதோடு விட்டாயா. அவனை நம் அறைக்கே தூக்கிவந்து, நம் கட்டிலில் போட்டாய். நான் நாற்காலியில் படுத்தேன். விடியற்காலையில் தொண்டை வறண்டு, பேசின் மேல் இருந்த என் டம்ளரை எடுத்துக் குடித்தேன். உதட்டில் ஏதோ இடித்தது. அவனுடைய பல் செட்.

இதெல்லாம் கூடப் போகட்டும். நீ எழுந்து வந்து, அவன் வாந்தி எடுத்த கிளப் பிளேசர் கோட்டை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் அலசிடேன், கிளப் சின்னம் இருக்கு" என்றாய். நான் வாங்கிக்கொண்டேன். என் கோட்டைக் கழற்றி, கையை மடித்துவிட்டு, விரலால் வழித்து வழித்து அலசினேன். பாதி அலசும்போதுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். உன் மேல் இருந்த அருவருப்பைவிட என் கையின் மேல் அதிகமாக வந்தது. சொல்லாமலேயே வேலை செய்கிற கை. பெத்தான் வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

க்ரூவில் நீ கண்ணாடியைத் தட்டியபோது உன்னைப் பார்த்தேன். பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தாய் என்று இப்போது எழுதுகிறாய். யாராவது கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பாய்.

நெஸ்டா


கும்தாரென்,
மார்ச் 2, செவ்வாய்

அன்புள்ள நெஸ்டா,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பல் செட் விஷயம் எனக்குத் தெரியாது, சத்தியமாக. முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டாவது தடவை படித்தபோது வரவில்லை.

நேற்று கிளப்பில் புனித டேவிட் நாள் விருந்து. எல்லோரும் லீக்ஸ் கடித்தார்கள். நான் கடிக்கவில்லை. "என்னடா, பொண்டாட்டி இல்லாம பல்லு போச்சா?" என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

நீ எழுதியதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நீ அரைகுறையாய்க் கேட்ட கதைதான். முதல் அணியில் நான் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அந்த வருஷம் பூராவும் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். கடைசி ஆட்டத்தன்று, உடை மாற்றும் அறையில் கிளான்மோர் தன் ஜெர்சியைக் கழற்றி என் மடியில் போட்டான். "முட்டி பிடிச்சிக்கிச்சு, எம்ரிஸ், நீ எறங்கு" என்றான். அவன் கேப்டன். முட்டிக்கு ஒன்றுமில்லை, ஆட்டம் முழுக்கக் கோட்டோரம் குதித்துக்கொண்டிருந்தான். எங்கப்பா பார்க்க வந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் வேறு எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை, வர முடியவில்லை.

தன் இடத்தை எனக்குக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான், நெஸ்டா. அன்றைக்கு மைதானத்து வாசலில் பாவாடையோடு குழந்தை மாதிரி நிற்கிறான், கண்ணில் தண்ணீர். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டு நிலைமை சொல்லும்படி இல்லை. அதே ஜெர்சியைத் துவைக்காமல் போட்டு ஆடினார்கள். எதிரணிக்காரர்கள் கட்டிப் பிடிக்கவே யோசித்தார்கள், அதனால் ஜெயித்தோம் என்று பேச்சு. இப்போது மூட்டைகள் கொட்டகையில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே போய்விட்டு உடனே வெளியே வந்தது. கதவைத் திறந்தால் நானே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்குகிறேன். இத்தனை வருஷம் நீ எப்படி அதற்குள் நின்றாய் என்று நினைத்தேன். முன்னால் ஒருநாளும் நினைத்ததில்லை.

என்ன செய்தால் வருவாய் என்று நேராகச் சொல்லிவிடு. நான் புத்திசாலி இல்லை என்று உனக்குத் தெரியும்.

உன்
எம்ரிஸ்


பாங்கர்,
மார்ச் 5, வெள்ளி

எம்ரிஸ்,

ஆரஞ்சு உரித்த கதையை இவ்வளவு வருஷத்தில் என்னிடம் நீ இப்படிச் சொன்னதில்லை. உன் அப்பா வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு வாசல் வரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மேல் கோபம் குறைந்தது. அதை நானும் ஒளிக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் பார். கிளான்மோர் கழற்றிக் கொடுத்தது தன் முதுகில் இருந்த ஜெர்சியை. நீ கழற்றிக் கொடுத்தது என் முதுகில் இருந்ததை.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். எனக்கு ஆட்டம் பெரிதில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முப்பது வருஷமாக நீ கூட்டாளிகளோடு ஒரு பக்கம் நிற்பாய், நான் மூட்டைகளோடு இன்னொரு பக்கம் நிற்பேன். நம் ஆட்கள் புள்ளி எடுக்கும்போது நீ முதலில் யார் கையைப் பிடித்துக் குலுக்குவாய் என்று தெரியாமல் இருந்தேன். ஒரே ஒரு ஆட்டம், அந்தக் கை என் கையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இருபதாம் தேதி கார்டிஃபில் ஆட்டம் இருக்கிறது. இரண்டு டிக்கெட் வாங்கு. நீயும் நானும், பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒருத்தரும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் உன்னோடு வண்டி ஏறி வீட்டுக்கு வருகிறேன். கொட்டகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

பெத்தான் சிரிக்கிறாள், "இவ்ளோதானா உன் கோவம்?" என்று. இவ்வளவுதான்.

நெஸ்டா


கும்தாரென்,
மார்ச் 11, வியாழன்

என் அருமை நெஸ்டா,

கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே வரிசை, ஒட்டினாற்போல் இரண்டு இருக்கை.

கமிட்டியில் என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சண்டை போட்டேன். செயலாளர், "பொம்பளைக்கு ரெண்டாவது தடவையா?" என்றான். "மொதத் தடவை குடுத்ததுல அவ ஆட்டம் பாக்கல, மதிலத்தான் பாத்தா" என்றேன். கிளான்மோர்தான், "குடுங்கடா, அவ வந்தாத்தான் துணி வெளுக்கும்" என்றான். அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவன் பேச்சு அப்படித்தான். அவனுக்குத்தான் பாவம் இந்தத் தடவை குலுக்கலில் விழவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறான். நான் கண்டுகொள்ளவில்லை.

உன் டிக்கெட்டை நான் தொடவே போவதில்லை. அதனால்தான் இப்போதே இந்த உறையில் வைத்து அனுப்புகிறேன். பத்திரம். ரொட்டி டப்பாவில் வை.

ஜெர்சிகளைத் துவைத்துவிட்டேன். தொட்டியில் ஊறப் போட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறி மிதித்தேன். தண்ணீர் வந்த நிறத்தை எழுத மாட்டேன். அடியில் ஒரு பாதிப் பல், யாருடையதோ. இரண்டு தடவை வெளியே ஓடிப்போய் ஓங்கரித்தேன். ரத்தக்கறை மட்டும் எத்தனை வெந்நீர் விட்டும் போகவில்லை, பழுப்பாய் நின்றுவிட்டது. உன்னிடம் ஏதோ வித்தை இருக்கிறது.

சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வா. கூட்டத்தில் தேடத் தேவையில்லை, நேராக இருக்கைக்கு வந்துவிடு. நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை, கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாதிரி.

என்றும் உன்
எம்ரிஸ்


பாங்கர்,
மார்ச் 22, திங்கள்

எம்ரிஸ்,

தலைமுடியைக் கழுவி, பெத்தானைச் சுருள் போடச் சொல்லி, விடிவதற்குள் வண்டி ஏறினேன். என் பெட்டியையும் கட்டி எடுத்துக்கொண்டுதான் வந்தேன், திரும்பி வருகிற எண்ணமே இல்லாமல். ஸ்டேஷன் அறையில் அதை வைத்துவிட்டு, கூட்டம் சேரும் முன்பே மைதானத்துக்குள் போய்விட்டேன். வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடக் கூடாதென்று உன் இருக்கையில் என் கைப்பையை வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம், "ஆள் வர்றார், என் வீட்டுக்காரர்" என்றேன். அப்படிச் சொல்லவே நன்றாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். வரிசையில் ஆட்களை இடித்துக்கொண்டு கிளான்மோர் வந்தான். என் பையை எடுத்து என் மடியில் வைத்தான். உட்கார்ந்தான்.

"எம்ரிஸ் வெளிய நிக்கிறான். இந்தத் தடவ தன்னோடதத்தான் குடுத்தான், உன்னோடதத் தொடல. அத உங்கிட்ட கண்டிப்பா சொல்லச் சொன்னான்" என்றான்.

அவன் பேசினான். வாசலில் அவன் நின்றதைப் பார்த்து நீ பட்ட பாட்டைச் சொன்னான். "வேணாம்டா, நெஸ்டா திட்டுவா" என்று அவனே சொன்னானாம். "அவ சொன்னதே அதான், குடுத்தா என்னோடதக் குடுக்கணும்னா" என்று நீ அவன் கையில் திணித்தாயாம். அதைச் சொல்லும்போது அவன் அழுதான். மூக்கைத் துடைத்த கையாலேயே சட்டைக்குள்ளிருந்து லீக்ஸ் எடுத்தான், பாதி உடைத்து எனக்கு நீட்டினான். பிறகு காலடியில் இருந்த ஒரு பையை என் பக்கம் தள்ளினான். அந்த பிளேசர். எடின்பரோ கறை இன்னும் முழுசாகப் போகவில்லையாம்.

இந்தத் தடவை என் கை நீளவில்லை. மடியில் பேசாமல் இருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுந்து போகவில்லை. என் டிக்கெட், என் இருக்கை. கடைசி வரை பார்த்தேன். நம் ஆட்கள் பந்தோடு மூலையில் விழுந்து புள்ளி எடுத்தபோது பக்கத்தில் இருந்த கை என் கையைப் பிடித்துக் குலுக்கியது. பிசுபிசுவென்று இருந்தது. வாழ்நாள் பூராவும் நான் காத்திருந்த அந்த நிமிஷத்தில் என் கையைப் பிடித்தவன் கிளான்மோர்.

உன்னை நான் திட்டவில்லை. நீ வெளியே மழையில் நின்றுகொண்டு, நெஸ்டா சொன்னபடியே செய்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்திருப்பாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். உனக்குத் தெரிந்த ஒரே அன்பு எழுந்து இடம் கொடுப்பது. என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு அன்பு என்று உனக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு இனிமேல் தெம்பு இல்லை. யாருடைய எச்சிலையும் யாருடைய வாந்தியையும் பார்த்து வராத அருவருப்பு அந்த இருக்கையில் எனக்கு வந்தது, எம்ரிஸ். அது உன் நல்ல மனசைப் பார்த்து வந்தது.

நீ எந்த வாசலில் நிற்பாய் என்று அவன் சொன்னான். நான் வேறு வாசல் வழியாக வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போகிற வண்டியில் ஏறினேன்.

கொட்டகைச் சாவி இதோடு இருக்கிறது. பூட்டைச் சரிசெய்துகொள். ரத்தக்கறைக்கு வெந்நீர் விடக் கூடாது, விட்டால் துணியோடு வெந்துவிடும். பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறட்டும், உப்புப் போட்டுக் கசக்கு, அதற்குப் பிறகுதான் சோப்பு. இதில் வித்தை ஒன்றும் இல்லை.

பதில் எழுத வேண்டாம். உன் பக்கத்தில் என் இடம் காலியாகிவிட்டது. யார் கேட்டாலும் கொடுத்துவிடு.

நெஸ்டா